பேச்சு வைத்தியத்துக்கு எத்தனை காரட்?

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, மனநல நிபுணரும் இல்ல. கணக்கு எழுதிச் சம்பாதிச்சு, மிச்ச நேரத்துல பழைய கதை படிக்கிற ஆள். பதிவு கொஞ்சம் நீளம். காப்பியை எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க மக்களே.

2021 மே மாசம் கும்பகோணத்துல அப்பா போயிட்டார். கொரோனா இரண்டாவது அலை. நான் இங்கிலாந்துல, நடுப்பகுதியில ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். கிளம்பிப் போக வழியில்ல. மூத்த பிள்ளை நான், கொள்ளி வெச்சது தம்பி. எல்லாத்தையும் போன்லதான் பார்த்தேன். சரியா அந்த நேரத்துல நெட்வொர்க் போய், படம் உறைஞ்சு நின்னுடுச்சு. மறுபடி வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது.

அப்புறம் ஆறு மாசம் தூக்கம் சரியில்ல. போன் அடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அம்மாகிட்ட பேசறதைக்கூடத் தள்ளிப்போட ஆரம்பிச்சேன். வீட்டம்மா தாங்க முடியாம டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனாங்க. அவர், "பேச்சு சிகிச்சைக்கு நீங்களே பேர் கொடுக்கலாம்"னு ஒரு படிவத்தைக் காட்டினார். ஒன்பது கேள்வி, அதுக்கப்புறம் ஏழு கேள்வி. ஒன்பது கேள்விக்கு மொத்தம் 27 மதிப்பெண், எனக்கு 14. பரீட்சையா இருந்தா பாஸ் :-)

ஒரு வாரத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. குரலை வெச்சுப் பார்த்தா என் அக்கா பொண்ணு வயசுதான் இருக்கும். "உங்களுக்கு லோ இன்டென்சிட்டி ஏற்பாடு பண்ணியிருக்கோம். போன்ல, அரை மணி நேரம், ஆறு தடவை"ன்னு சொல்லிச்சு.

எனக்குச் சுர்ருன்னு வந்தது. எங்கப்பா சாவு உங்களுக்கு 'குறைந்த தீவிரமா'? வாயால கேட்கல, மனசுல கேட்டேன். கோபம் வந்தா நமக்குத் தெரிஞ்ச ஒரே வேலை நோண்டுறதுதானே. இந்த லோ, ஹை எல்லாம் யார் கண்டுபிடிச்சது, எதுக்குன்னு தேட ஆரம்பிச்சேன். அப்படித் தேடினதுதான் இந்தப் பதிவு.

*

கதை 1880-ல் வியன்னாவுல ஆரம்பிக்குது. பெர்த்தா பாப்பன்ஹைம்னு 21 வயசுப் பொண்ணு. நோயில படுத்த அப்பாவுக்குப் பணிவிடை செஞ்சுக்கிட்டிருந்தப்போ இவங்களுக்கே உடம்பும் மனசும் கெட்டுப்போச்சு. கை அசையாது, தண்ணி குடிக்க முடியாது. தாய்மொழியான ஜெர்மனே மறந்துபோய்க் கொஞ்ச நாள் ஆங்கிலம் மட்டும்தான் பேசினாங்க. 1881-ல் அப்பா இறந்ததும் இன்னும் மோசம். அவங்களைப் பார்த்தவர் யோசெஃப் ப்ராயர்னு ஒரு டாக்டர். அவர் அடிக்கடி வந்து உட்கார்ந்து, அந்தப் பொண்ணைப் பேசவிட்டுக் கேட்டார். பேசப் பேசக் கொஞ்சம் லேசாச்சு. இதுக்கு 'பேச்சு வைத்தியம்'னு பேர் வெச்சதே டாக்டர் இல்ல, நோயாளி. அதுவும் ஆங்கிலத்துல.

1895-ல் ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து எழுதின புத்தகத்துல, பேரை மாத்தி, இவங்க கதை வந்தது. அதுல ஏறக்குறைய குணமான மாதிரி எழுதியிருக்கும். நிஜத்துல 1882-க்கு அப்புறமும் பெர்த்தா மருத்துவமனைகள்ல இருந்திருக்காங்க. பின்னாடி தேறி, ஜெர்மனியில பெண்களுக்காகப் பெரிய சமூக சேவையே செஞ்சாங்க. ஆனா அது பல வருஷம் கழிச்சு. முதல் பேச்சு வைத்தியத்துலயே கணக்கு கொஞ்சம் உதைக்குது பாருங்க.

ஃப்ராய்ட் இதைத் தன் வழியில வளர்த்தார். ஞாயிறு தவிர வாரத்துல ஆறு நாள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மணி நேரம், மாசக்கணக்குல, வருஷக்கணக்குல. இந்தக் கணக்குப்படி ஒரு வைத்தியர் ஒரே சமயத்துல எட்டுப் பத்துப் பேருக்கு மேல பார்க்க முடியாது. யாருக்குக் கட்டுப்படி ஆகும்? காசும் நேரமும் இருக்கிறவங்களுக்குத்தான்.

இது ஃப்ராய்டுக்கே தெரிஞ்சிருந்தது. 1918 செப்டம்பர்ல, முதல் உலகப்போர் முடியற நேரம், புடாபெஸ்ட்ல ஒரு மாநாட்டுல பேசினார். ஏழைக்கு உடம்புக்கு வைத்தியம் கிடைக்கிற மாதிரி மனசுக்கும் கிடைக்கணும், ஒருநாள் இலவச மையங்கள் வரும்னார். அதே மூச்சுல இன்னொண்ணும் சொன்னார். அவ்வளவு பேருக்குக் கொடுக்கப் போனா, நம்ம வைத்தியங்கிற சுத்தத் தங்கத்துல கொஞ்சம் செம்பைக் கலந்துதான் ஆகணும். அவர் செம்புன்னு சொன்னது, நேரடியா ஆலோசனை சொல்லி மனசைத் திருப்பற முறையை. ரெண்டு வருஷத்துல, 1920-ல், பெர்லின்ல அப்படி ஒரு மையம் நிஜமாவே திறந்துட்டாங்க.

இந்தத் தங்கம், செம்பு விஷயத்தைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. எங்க தெருவுல நகை செய்யற ஆசாரி ஒருத்தர் இருந்தார். சொக்கத் தங்கத்துல வளையல் கேட்டு வர்றவங்ககிட்ட அவர் சொல்றது ஒண்ணுதான்: "தாராளமா செஞ்சு தர்றேன். ஆனா பெட்டியில வெச்சுப் பார்த்துக்குங்க, கையில போட்டா வளைஞ்சிடும்." செம்பு சேர்ந்தாத்தான் நகை உழைக்கும். கேள்வி, எவ்வளவு செம்புங்கிறதுதான். அது தெரியத்தானே 916 முத்திரை குத்தறாங்க.

*

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவுல, பிலடெல்பியாவுல. ஆரன் பெக் ஃப்ராய்ட் வழியில பயிற்சி எடுத்தவர். 1960-கள்ல, மனச்சோர்வு உள்ளவங்களைக் கவனிச்சுக் கேட்கும்போது அவருக்கு ஒண்ணு பட்டது. அவங்க மனசுல 'நான் உதவாக்கரை', 'எல்லாம் என் தப்பு'ன்னு ஓடிக்கிட்டே இருக்கிற நினைப்புகளை நேரா எடுத்து, உண்மையான்னு சோதிச்சுப் பார்க்கலாம். இதுல வளர்ந்ததுதான் இன்னைக்கு சிபிடின்னு சொல்ற முறை. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, மொத்தம் பன்னிரண்டிலிருந்து இருபது. அவ்வளவுதான். 1977-ல் வந்த ஒரு ஆய்வு, மனச்சோர்வுக்கு இது அன்னைக்கிருந்த மாத்திரைக்குக் குறைவில்லைன்னு காட்டிச்சு.

வருஷக்கணக்குல இருந்தது மாசக்கணக்கா சுருங்கிடுச்சு. நிறைய பேர் இதையே செம்புன்னு திட்டினாங்க. இன்னைக்கு இங்கிலாந்துல இதுக்குத்தான் 'ஹை இன்டென்சிட்டி'ன்னு பேர். ஃப்ராய்ட் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ!

இங்கிலாந்துல இருக்கிற பொது மருத்துவச் சேவையில பணம் அரசாங்கத்தோடது, அளவும் அரசாங்கத்தோடது. எந்த வைத்தியம் எதுக்குன்னு வழிகாட்ட நைஸ்னு ஒரு அமைப்பு 1999-ல் வந்தது. பேர்தான் நைஸ், எல்லாருக்கும் நைஸா இருக்காது. அவங்க 2004 டிசம்பர்ல மனச்சோர்வுக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க. அதுல அஞ்சு படிக்கட்டு. லேசான பாதிப்புன்னா கீழ்ப்படி: யாராவது கூட இருந்து வழிகாட்ட ஒரு கைப்புத்தகத்தை வெச்சு நாமளே செய்யற பயிற்சி, உடற்பயிற்சி, கம்ப்யூட்டர் வழி பாடம். அது போதலைன்னா மேல்படி: முழு சிபிடி, மாத்திரை. அதுக்கும் மேல சிறப்பு மருத்துவர்கள், கடைசியில மருத்துவமனை. கொள்கை சுலபம்தான். வேலைக்கு ஆகிற வைத்தியங்கள்ல ஆளுக்குச் சுமை குறைஞ்சதை முதல்ல கொடு. கொடுத்துட்டு விட்டுடாதே, அளந்து பாரு. தேறலைன்னா மேல ஏத்து.

படிக்கட்டு பேப்பர்ல அழகா இருந்தது. ஏற ஆள்தான் இல்ல. பெரும்பாலான ஊர்கள்ல பேச்சு வைத்தியத்துக்கு மாசக்கணக்குல காத்திருப்பு, அதனால மாத்திரைச் சீட்டு.

*

இங்கேதான் ஒரு டீ வருது. 2003-ல் பிரிட்டிஷ் அகாடமியில ஒரு தேநீர் வேளை. பொருளாதாரப் பேராசிரியர் ரிச்சர்ட் லேயார்ட் பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட பேச்சுக் கொடுக்கறார். அந்த ஆள் டேவிட் கிளார்க், பதற்ற நோய்களுக்கான சிபிடியில முக்கியமான உளவியலாளர். வைத்தியம் இருக்கு, வேலை செய்யுது, ஆனா ஜனங்களுக்குக் கிடைக்கலைங்கிற சமாச்சாரம் அந்தப் பேச்சுல லேயார்டுக்குப் புரிஞ்சுடுச்சு.

லேயார்ட் மேலவை உறுப்பினர் வேற. 2006 ஜூன்ல அவர் குழு மனச்சோர்வு பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதுல கண்ணீர்க் கதை இல்ல, கணக்கு இருந்தது. மனநோயால வேலைக்குப் போக முடியாம உதவித்தொகை வாங்கறவங்க, வேலையில்லாப் படி வாங்கறவங்களைவிட அதிகம். ஒருத்தருக்கு முழு வைத்தியம் கொடுக்க 750 பவுண்டு. அவர் தேறி வேலைக்குப் போனா அரசாங்கத்துக்கு அந்தக் காசு திரும்பி வந்துடும். அதனால பத்தாயிரம் வைத்தியர்களைப் புதுசா பயிற்றுவியுங்க.

மனுஷன் அழறான்னு சொன்னா கஜானா திறக்காது, வரி போகுதுன்னு சொன்னா திறக்கும் போல. 'ஆளை வேலைக்குத் துரத்தத்தான் இந்த வைத்தியமா?'ன்னு அன்னைக்கே பலர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா கணக்கு எழுதற எனக்கு, அந்த மொழியில பேசினதாலதான் காரியம் நடந்ததுன்னும் தோணுது.

அதே 2006-ல் ரெண்டு ஊர்ல வெள்ளோட்டம். ஒண்ணு டான்காஸ்டர், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன வடக்கத்தி ஊர். அங்கே மனநலச் செவிலியரா இருந்து பேராசிரியர் ஆன டேவிட் ரிச்சர்ட்ஸோட வழி. போன்ல, குறைஞ்ச நேரத்துல, நிறைய பேருக்கு. இன்னொண்ணு கிழக்கு லண்டன் நியூஹாம். அங்கே முழு சிபிடிக்கு முக்கியத்துவம். நியூஹாம்னா யாரோன்னு நினைக்காதீங்க. நாம தோசை சாப்பிடப் போற ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் முருகன் கோயில் எல்லாம் அதுக்குள்ளதான்.

பதிமூணு மாசத்துல ரெண்டு ஊருக்கும் சேர்த்து 3,500 பேருக்கு மேல வந்தாங்க. குறைஞ்சது ரெண்டு தடவையாவது வைத்தியம் எடுத்தவங்கள்ல பாதிக்குச் சற்று மேல தேறினாங்க. எனக்கு அதைவிடப் பெரிசாப் பட்டது வேற. நியூஹாம்ல டாக்டர் சீட்டு இல்லாம நேரா வந்து பேர் கொடுக்கலாம்னு வெச்சுப் பார்த்தாங்க. அப்படி வந்தவங்க சும்மா பொழுது போகாம வந்தவங்க இல்ல. டாக்டர் அனுப்பினவங்க அளவுக்கே பாதிப்பு, இன்னும் நீண்ட நாளா சுமந்துக்கிட்டு இருந்தவங்க. அதோட அந்த ஊர்ல எத்தனை இன ஜனங்க இருக்காங்களோ கிட்டத்தட்ட அதே கலவையில வந்தாங்க. டாக்டர் வழியா வந்த கூட்டத்துல அந்தக் கலவை இல்ல. அதாவது நம்மளை மாதிரி ஆளுங்க, டாக்டர்கிட்ட 'உடம்பு வலி'ன்னு மட்டும் சொல்லிட்டு வர்றவங்க, கதவு நேரா திறந்திருந்தா உள்ளே வர்றோம். நான் படிவம் போட முடிஞ்சதுக்குப் பின்னாடி நியூஹாம் இருக்கு.

2007 அக்டோபர் 10-ல் அரசாங்கம் பணம் அறிவிச்சது. மூணாவது வருஷத்துல ஆண்டுக்கு 173 மில்லியன் பவுண்டு. 2008-ல் நாடு பூராவும் சேவை ஆரம்பிச்சது. 2023 ஜனவரியில பேரையும் 'பேச்சு சிகிச்சைகள்'னு மாத்திட்டாங்க. பெர்த்தா வெச்ச பேருக்கே திரும்பி வந்தாச்சு.

*

இப்போ அந்த ரெண்டு அளவும் என்னன்னு பார்ப்போம்.

லோ இன்டென்சிட்டி: சுமார் ஆறு தடவை, ஒவ்வொண்ணும் அரை மணி. கொடுக்கிறவங்க இதுக்குன்னே சுமார் ஒரு வருஷம் பயிற்சி எடுத்தவங்க, உளவியலாளரா இருக்கணும்னு அவசியமில்ல. பயிற்சித்தாள், வீட்டுப்பாடம், வாராவாரம் அதே ஒன்பது கேள்வி, ஏழு கேள்வி. வேலையில பெரும்பங்கு நம்மோடது.

ஹை இன்டென்சிட்டி: வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், பன்னிரண்டு, பதினாறு, இருபது தடவைகூட. கொடுக்கிறவங்க முழுப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர். பெரிய விபத்து, வன்முறைக்கு அப்புறம் வர்ற அதிர்ச்சி நோய், நாலு பேர் நடுவுல போகவே பயப்படற நோய் மாதிரி சிலதுக்குக் கீழ்ப்படியே கிடையாது, நேரா மேல்படிதான்.

இதைப் படிச்சப்பதான் என் கோபம் பாதி இறங்குச்சு. 'தீவிரம்'ங்கிறது நம்ம துக்கத்துக்குப் போட்ட மார்க் இல்ல. கொடுக்கற வைத்தியத்தோட அளவு. மாத்திரையில 250, 500 இருக்கே, அது மாதிரி.

மீதிக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. செம்பு எவ்வளவு கலக்கலாம்? இதையும் அளந்து பார்த்திருக்காங்க.

முதல் சோதனை, ஆள் யாருங்கிறது. 2016-ல் வந்த ஆய்வு, 440 பேர். ஒரு பாதிக்கு அனுபவசாலிகள் சிபிடி கொடுத்தாங்க. மறுபாதிக்கு, அவங்களைவிடப் பயிற்சி குறைஞ்ச இளநிலைப் பணியாளர்கள் எளிமையான ஒரு முறையைக் கொடுத்தாங்க: விட்டுப்போன நல்ல காரியங்களைத் திட்டம் போட்டு மறுபடி செய்யவைக்கறது. நேரத்துல குறைக்கல. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா இரண்டாவது முதலாவதுக்குக் குறைவில்ல. செலவும் குறைவு.

இரண்டாவது, ஆளே இல்லாட்டி? 2015-ல் வந்த ஆய்வு, 691 பேர். கம்ப்யூட்டர் பாடத்தைக் கொடுத்து, செய்யச் சொல்லி ஊக்கப்படுத்த போன் மட்டும். வழக்கமான டாக்டர் வைத்தியத்தைவிட ஒரு லாபமும் தெரியல. பாடத்தை முழுசா முடிச்சவங்க ஐந்தில் ஒரு பங்குகூட இல்ல.

மூணாவது, அது நிலைக்குமா? 2017-ல் வந்த ஆய்வு. லோ இன்டென்சிட்டி முடிச்சுத் தேறினவங்களை மாசாமாசம் கேட்டுப் பார்த்ததுல, ஒரு வருஷத்துக்குள்ள 53 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்துடுச்சு. இந்த எண்ணைப் படிச்சப்போ வயித்தைக் கலக்குச்சு.

நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு பதில் இருக்கு. கோவாவுல விக்ரம் படேல் குழு, உளவியல் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வுக்கே ஆறிலிருந்து எட்டுத் தடவை பேசவைச்சாங்க. நல்லா வேலை செஞ்சதுன்னு 2017-ல் வெளிவந்தது. ஆக, குறைஞ்ச அளவுன்னாலே மட்டம்னு சொல்லிட முடியாது. ஆள் வேணும், அந்த ஆளுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வேணும், தேறலைன்னா ஏத்திவிட மேல்படியில இடம் வேணும். இதுல எது இல்லாட்டியும் அது 916 இல்ல, முலாம்.

*

என் கதைக்கு வர்றேன். அந்தப் பொண்ணு முதல் தடவை கேட்டது: "எதையெல்லாம் செய்யறதை நிறுத்திட்டீங்க?" சாயங்கால நடை, எழுத்து, அம்மாவுக்கு போன்னு வரிசையா சொன்னேன். "இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் அம்மா"ன்னுச்சு. பத்து நிமிஷம்! இதுக்கா ஒரு அரசாங்கச் சேவைன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பேசினேன். நாலாவது வாரம் 14 ஒன்பதாச்சு. நடக்கப் போனேன். தூக்கம் வந்தது.

ஆனா அந்த உறைஞ்சுபோன படம் மட்டும் போகல. போன் திரையில சுத்தற வட்டம், அதுக்குப் பின்னாடி புகை. அஞ்சாவது தடவை அதைச் சொன்னேன். அந்தப் பொண்ணு சமாதானம் சொல்லல. கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "இது என்னோட படியில தீர்றது இல்ல. மேற்பார்வையாளர்கிட்ட பேசி உங்களை மேல மாத்தச் சொல்றேன்"ன்னுச்சு. தனக்கு எதுவரைக்கும் தெரியும்னு அந்த வயசுல சொல்ற பக்குவம், எங்க ஆபீஸ்ல பெரிய பதவியில இருக்கிறவங்களுக்கே கிடையாது.

வரிசை இருந்தது, நின்னேன். அப்புறம் பதினாலு வாரம் ஒரு அம்மாகிட்ட. ஆங்கிலத்துலதான். ஏழோ எட்டோ தடவை, அந்த நேரத்துல அப்பாகிட்ட என்ன சொல்லியிருப்பீங்கன்னு கேட்டாங்க. ஆங்கிலத்துல வரவே இல்ல. "உங்க மொழியிலேயே சொல்லுங்க, எனக்குப் புரியணும்னு இல்ல"ன்னாங்க. சொன்னேன். என்ன சொன்னேன்னு இங்கே எழுதல. தாய்மொழி மறந்து ஆங்கிலத்துல பேசிக்கிட்டிருந்த பெர்த்தா அன்னைக்கு ராத்திரி ஞாபகத்துக்கு வந்தாங்க.

அதனால இந்தச் சேவை பக்கம் போற யாருக்காவது சொல்லணும்னா மூணே விஷயம். லோ இன்டென்சிட்டின்னு சொன்னா என்னை மாதிரி கோவிச்சுக்கிட்டு போனை வெச்சுடாதீங்க. இது போதலைன்னா அடுத்து என்னன்னு முதல் நாளே கேளுங்க. ஆறு தடவைக்கு அப்புறமும் மனசுல ஏதாவது உறைஞ்சு நின்னா, நல்லாயிட்டேன்னு மரியாதைக்குச் சொல்லிட்டு வந்துடாதீங்க. நம்ம ஜனத்துக்கு அந்த வியாதி வேற இருக்கு.

போன மாசி மாசம் ஊருக்குப் போயிருந்தேன். காவிரிக்கரையில தம்பிகூட உட்கார்ந்து, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு முதல்லேர்ந்து கேட்டேன். அவனும் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையாம். ரெண்டு மணி நேரம் பேசினான்.

பி.கு: இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு டெலி மானஸ்னு அரசு மனநல உதவி எண் 2022-லிருந்து இருக்கு: 14416. இலவசம், தமிழ்லயும் பேசலாம். தப்பு ஏதாவது எழுதியிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கிறேன்.